கடல்புல்லைச் சுற்றிய கோடு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. மல்லிப்பட்டினம்.

கடலுக்கடியில் கடல்பசு மேயும் புல் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியவரே காசி அண்ணன்தான். இந்த ஊரில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அவர் வீடு ஒன்றுதான். இன்று மீனவர் கூட்டத்தில், அந்தப் புல்லைச் சுற்றி வரைபடத்தில் வனத்துறைக்காக நான் போட்ட சிவப்பு எல்லைக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள நான் வலை போடக் கூடாதுங்களா, மேடம்?"

நேற்றுவரை தங்கச்சி என்றவர். கடல்பசுவைக் காக்கும் வன உயிர்ச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். சட்டம் சரிதான். அவர் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் நன்னிலத்திலிருந்து அப்பா போன் செய்தார். மிராசுதார் வரப்பில் கால் வைத்ததற்காக ஒருகாலத்தில் அடி வாங்கியவர்.

"எல்லை போட்டாச்சாம்மா? இனிமே எவனும் உள்ள கால் வைக்க முடியாதுல்ல?"

பெருமையாகத்தான் கேட்டார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.