மோட்டார் ரூம் சாவி என்னிடம் இருக்கிறது

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் தம்பி வேலுசாமி, நம் மகன் ஹரிகிருஷ்ணன். நான் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தேன். டெங்குக் காய்ச்சலில் உங்கள் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்பதை மூன்று பேரும் மறைத்தீர்கள். நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்டதற்கு, வாயு என்றீர்கள்.

நேற்று கல்யாண வீட்டில் ஹரியின் மாமியார் எல்லார் முன்னாலும், "மதினி, அண்ணனுக்கு நெஞ்சுத் துடிப்பு சரியாயிருச்சா?" என்று கேட்டார். வெறும் வாயுதான் என்றேன். "ஒங்கட்ட சொல்லலியாக்கும்!" என்று சிரித்தார். மாமியாரிடம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெற்றவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த வீட்டு மானத்தைக் காத்தவள் பந்தியில் பொய்க்காரியாக நின்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். டாக்டரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். ரசம் சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். காபி கிடையாது.

தோப்பு மோட்டார் ரூம் சாவியைத் தேட வேண்டாம். என் இடுப்பில் இருக்கிறது. நெஞ்சு விஷயம் தெரிந்திருந்தால் போன வாரம் உங்களைத் தோப்புக்கு அவ்வளவு தூரம் நடக்க விட்டிருப்பேனா?

பி.கு.: பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி உங்களைப் பார்க்க வருவாள். உண்மையை நீங்களே சொல்லுங்கள். வாயு என்று தெரு முழுக்கச் சொன்னது நான்தான். அது வாயு இல்லை.