நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஒரு வண்டி

அன்புள்ள என்னவருக்கு,

நாங்கள் நான்கு பேரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீங்களும் "குறையில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். இந்தத் தடவை பல்வலி விட்டதா இல்லையா என்றாவது எழுதுங்கள்.

ஒரு செய்தி. நான் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மூன்றாவது தடவையில்தான் கிடைத்தது. முதல் இரண்டு தடவையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தாண்டிப் போய்க் கோட்டை விட்டேன். முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவேன், அது எனக்கே தெரியும்.

பஸ்ஸில் வந்தால் இரண்டு இடத்தில் மாறி ஆறு மணி நேரம். சொந்த வண்டியில் நான்கு மணி நேரம். நேரம்கூடப் பெரிதில்லை, அத்தையின் முழங்கால் பஸ் படியில் ஏற மறுக்கிறது. நீங்கள் உள்ளே போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் இரண்டு இருக்கிறது. அதுவரை பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. வாயால் சொல்லமாட்டார். உங்கள் சட்டைகளை மாதம் ஒருமுறை எடுத்துத் துவைத்து, காயவைத்து, மறுபடி மடித்து வைக்கிறார். யாரும் போடாத சட்டை எப்படி அழுக்காகும் என்று நானும் கேட்பதில்லை.

அதனால் ஒரு வண்டி பார்த்தேன். ஹைபிரிட் ஹேட்ச்பேக், மூன்று வருஷம் ஒருவர் ஓட்டியது. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியும் உண்டு. மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடுகிறது, வேகம் எடுத்தால் எஞ்சின் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. பிரேக் போட்டால் வீணாகப் போகிற வேகத்தைப் பிடித்து பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறதாம். நம் அத்தை மிச்சச் சோற்றை வீணாக்காத மாதிரி என்று சின்னவன் சொன்னான். ஐந்து வயதுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

நீங்கள் என்னென்ன கேட்பீர்களோ அதையெல்லாம் நானே கேட்டுப் பார்த்தேன். சீட் அத்தைக்குச் சரியான உயரம். யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். டிக்கி சிறிது, ஆனாலும் வாக்கரை மடித்துக் குறுக்காக வைத்தால் கதவு மூடுகிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் முனகுகிறது. "என்னை மாதிரியே" என்றார் அத்தை. ஒரு தடவை டேங்கை நிரப்பினால் உங்களிடம் வந்து, திரும்பி, அதற்கு மேலும் ஓடும். நான்கு பேருக்குத் தாராளமான இடம். ஐந்தாவது ஆளுக்குத்தான் பின்சீட்டின் நடுவில் கால் வைக்க இடிக்கிறது. அந்த இடத்துக்குச் சின்னவன் இப்போதே துண்டு போட்டுவிட்டான். அப்பா வந்ததும் அவருக்கு ஜன்னல் ஓரமாம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். இந்தக் கடிதத்தை அங்கே ஒருவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார் என்று தெரியும். படிக்கட்டும்.

பெரியவள் விபத்து நடந்த அன்றைக்குப் பிறகு காரில் ஏறவே இல்லை. இதை உங்களுக்கு நான் எழுதியதில்லை. பள்ளிக்கு நடந்தே போகிறாள், மழையிலும் நடக்கிறாள். தோழியின் அப்பா காரில் கூப்பிட்டாலும் வேண்டாம் என்றுவிடுகிறாள். பதினொரு வயதில் என்ன பிடிவாதம் என்று நான்கூட ஒருநாள் திட்டியிருக்கிறேன். போன சனிக்கிழமை வண்டி விற்கும் இடத்துக்கு நாங்கள் கிளம்பும்போது அவளாக வந்து, "அப்பாவப் பாக்கப் போறதுக்கா இந்த வண்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அங்கே வந்து தானாகவே வண்டியில் ஏறி, எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அத்தையும் சின்னவனும் அங்கேயே நாற்காலியில் இருந்துகொண்டார்கள். விற்கிற அம்மா என் பக்கத்தில் ஏறினார். என் வயதுதான் இருக்கும், வாய் ஓயாமல் பேசுகிறவர். "பெரிய ரோட்ல எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும். உங்க தெருவுல ஓட்டிப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றார். நம் தெருவின் முனையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இரண்டு வருஷமாக நான் கால் வைக்காத சந்து அது.

சந்தின் நடுவில் அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். தையற்காரர். கையில் துணிப்பை. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெலிந்துவிட்டார், அவர் தைத்த சட்டையே அவருக்குத் தொளதொளவென்று இருந்தது.

வண்டி பேட்டரியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஒரு வண்டி வருவது அவருக்குத் தெரியவில்லை. விற்கிற அம்மா, "ஹாரன் அடிங்க, ஒதுங்கிப்பார்" என்றார். என் கை ஹாரன்மேல் இருந்தது. அமுக்க முடியவில்லை. நம் வண்டி மோதி அவர் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, அவரை ஒதுங்கச் சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது? அவர் நடக்கிற வேகத்திலேயே பின்னால் போனேன். கண்ணாடியில் பெரியவளைப் பார்த்தேன். முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிற அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "நேரம் இருக்கு, மெதுவாவே போலாம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சந்து முடிகிற இடத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்திவிட்டேன். கிட்டே வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. "சத்தமே கேக்கலையேம்மா" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், காற்றுதான் வந்தது. அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "பாப்பா வளந்துட்டா" என்றார். பிறகு, "பாத்து ஓட்டுங்க, இந்தப் பக்கம் பிள்ளைங்க ஓடி வரும்" என்று சொல்லிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று எங்களுக்கு வழி விட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த தெருவில் ஓரமாக நிறுத்தினேன். விற்கிற அம்மா தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனார். எஞ்சின் ஓடவில்லை. நம் பழைய வண்டியாக இருந்தால் அது போடுகிற இரைச்சலில் பின்னால் இருப்பவர் கத்தினால்தான் கேட்கும். இதில் பெரியவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்போதுதான் சொன்னாள்.

"அப்பா தூங்கலம்மா. என் பென்சில் பாக்ஸ் கீழ விழுந்துடுச்சு. எடுத்துத் தாங்கப்பான்னு நான்தான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். அப்பா திரும்பினாரு."

வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிட்டது என்று கோர்ட்டில் சொன்னீர்கள். இரவு முழுதும் நன்றாகத் தூங்கிய மனிதர் காலை எட்டு மணிக்கு எப்படி அசந்தார் என்று எனக்கு இத்தனை நாளும் புரியவில்லை. அப்படிச் சொல்லாதீர்கள், தண்டனை கூடும் என்று வக்கீல் எவ்வளவு சொன்னார். அவள் பேச்சு அந்த அறையில் எழவே கூடாது என்றுதான் சொன்னீர்கள், இல்லையா? எனக்குக்கூடச் சொல்லவில்லை.

உங்கள்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் இந்த ஜெயில் வாசலைப் பார்க்க வேண்டாம், கூட்டி வராதே என்று முதல் மாதமே எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள். "அப்பாக்கு என்னப் பிடிக்கல, அதனாலதான் வர வேணாம்னு எழுதினாரு" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், பள்ளிக்கூடம் லீவு என்று சொல்வதுபோல. இரண்டு வருஷமாக இதை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதி, தம்பிக்கு ஷூ மாட்டிவிட்டு, என்னோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பவர் பார்த்து லென்ஸ் தேய்க்கிறேன். என் வீட்டுக்குள் இருந்த இதை நான் பார்க்கவில்லை.

பின்சீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்கிற அம்மா தண்ணீர்ப் பாட்டிலோடு தெருமுனையிலேயே நின்றிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வண்டி எப்படி என்று அவரும் கேட்கவில்லை.

வண்டி நல்ல வண்டி. வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் கைக்கு வருகிறது. சந்துகளில் மட்டும் நான் ஜன்னலை இறக்கிவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுவேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் நால்வரும் அங்கே இருப்போம். பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் பிள்ளைகளையும் அத்தையையும் சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். இதுவரை உங்களிடம் நான் எதையும் பிடிவாதமாகக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். கையெழுத்துப் போடுங்கள்.

உன்மேல் யாருக்கும் வெறுப்பில்லை என்று நான் அவளிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை. அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். அவளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். உங்கள் காதிலும் விழட்டும்.

என்றும் உங்கள்,
பிள்ளைகளின் அம்மா