நிவேதா ஊற்றிய தண்ணீர்

வீட்டில் புது வைஃபை வந்ததிலிருந்து லோகப்பிரியாவின் கேமிங் கன்சோலுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. துபாயிலிருக்கும் தங்கை நிவேதாவும் அவளும் தினமும் அதில்தான் சேர்ந்து தோட்டம் போடுவார்கள். "வெறும் வெளையாட்டுக்கு இத்தனை அழுகாச்சியா?" என்று நேற்று அவள் கணவன் யுகேந்திரன் கேட்டுவிட, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

காலையில் அவள் தூங்கும்போது அவனே கன்சோலை எடுத்து உட்கார்ந்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டான், பாஸ்வேர்டை மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தான். ஒருவழியாக இணைந்ததும் திரையில் நிவேதாவின் செய்தி வந்தது: "அக்கா, நீ வர்ற வரைக்கும் உன்ற பாத்திக்கும் நானே தண்ணி ஊத்தறேன்." நேற்றுச் சொன்ன வார்த்தை அவனுக்கே கசந்தது.

அன்னூருக்கு வேலைக்குக் கிளம்புமுன் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினான்:

"கண்ணு, கேம் சரியாயிருச்சு. புது ரவுட்டரோட 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதுக்குச் சேராதாமா. 2.4 சிக்னலைத் தனியாப் பிரிச்சு 'லோகா'ன்னு பேரு வெச்சிருக்கேன், பாஸ்வேர்டு பழசேதான். இட்லி மாவை வெளிய எடுத்து வெச்சுப்போட்டேன். மத்தியானம் சிலிண்டர் வரும், வாசக் கேட்டோட சாவி டிவி மேல இருக்குது.

நிவேதா பாவம், உனக்காகக் காத்துட்டிருக்குது. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினான்: "எனக்கும் ஒரு பாத்தி குடுப்பீங்களா அம்மணி?"

பஸ் காந்திபுரத்தைத் தாண்டும்போது போனில் பதில் வந்தது.

"வாங்க. களை புடுங்க ஆளில்லாமத்தான் கெடக்குதுங்க."