குமாசி சந்தையில் எனக்காகப் பேசினவங்க

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நைனாவுக்கு இருமல் தேவலையா? நகரியில தறி ஓடுதா?

நான் துணி விக்கிற இந்தக் கானா நாட்டு குமாசி சந்தை நூறு வருஷத்துப் பழசு. பொம்பளைங்க ராஜ்ஜியம். துணி விக்கறவங்களுக்குத் தலைவியா ஒரு ராணி, கிழங்குக்கு ஒரு ராணி. வழக்கு தீர்க்கறதும் அவங்கதான்.

நீ அடிச்சும் மாறாத என் இடது கையால போன வாரம் ஒருத்தங்களுக்குச் சில்லறை நீட்டிட்டேன். அவமானம்னு ராணிகிட்ட கூட்டிக்கினு போனாங்க. சட்டுனு ராணி கால்ல விழுந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. இங்க மன்னிப்பை நாமே கேக்கக் கூடாதாம், நமக்காக வீட்டு ஆள் கேக்கணுமாம். "உனக்கு யார் இருக்கா?"ன்னு ராணி கேட்டாங்க. சுத்திச் சுத்திப் பார்த்தேன். பக்கத்துக் கடைக் கிழங்குக்காரம்மா எழுந்து, "இவன் என் பிள்ளை"ன்னாங்க.

பயப்படாதே, அந்தம்மா எனக்காக மன்னிப்பு கேட்டதும் வழக்கு முடிஞ்சிடுச்சு. ஆனா அதுலருந்து கடையில உக்கார முடியல, எழுந்து எழுந்து அவங்க கடையையே பார்த்துக்கினு இருக்கேன்.

சரக்கு லாரி வந்துடுச்சு, நிறுத்தறேன். நம்ம தறிச் சேலை ஒன்னு அனுப்பு. அவங்களுக்குத்தான். உனக்கு எடுக்கறாப்பலயே பார்த்து எடும்மா.

உன் பிள்ளை,
கோகுலகிருஷ்ணன்