மூன்று இரவுக்கு ஒரு வீடு

டுலூத், மினசோட்டா
11 ஏப்ரல் 2024

அன்பு ஆஃப்ரினுக்கு, நஜ்முதீன் ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்களுக்கு இன்று பெருநாள். எனக்கு நேற்றே முடிந்துவிட்டது. தொழுதுவிட்டு வந்து சேமியா காய்ச்சினேன். அளவு தெரியாமல் நாலு பேருக்கு ஆகிவிட்டது. இன்றைக்கும் அதையேதான் தின்றேன். போன் செய்தால் வழக்கம்போல் வீடே திரண்டு வந்து என் தலையில் முடி குறைந்ததைப் பற்றிப் பேசும். நீ பின்னால் நின்று சிரிப்பாய். அதனால்தான் நமக்கு மட்டும் என்று இந்த மெயில். பதிலும் இப்படியே போடு.

விசா வந்துவிட்டதல்லவா? ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முதல் மூன்று இரவுக்கு ஒரு கேபின் பிடித்திருக்கிறேன். இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் ஓர் ஏரி, அதைச் சுற்றிப் பூங்கா. கேபின் என்றால் பலகையில் ஒற்றை அறை, அடுக்குக் கட்டில், வாசலில் அடுப்பு மூட்ட இரும்பு வளையம். நூற்றிருபது நாளுக்கு முன்னால்தான் பதிவு திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்தும் போகும். நான் விடிந்ததிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்று போட்டேன்.

முதலில் அங்கே இருப்போம். அப்புறம் நீயே பார்த்து ஒரு வாடகை வீடு சொல்.

உன்
நஜ்முதீன்


காரைக்கால்
19 ஏப்ரல் 2024

அன்பு மச்சானுக்கு, ஆஃப்ரின் ஸலாம்.

மொட்டை மாடியில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, கட்டின புருஷனுக்கே திருட்டுக் கடிதம் எழுதுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வருகிறேன், மச்சான். ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் சில கேள்விகள். குளியலறை உள்ளே இருக்கிறதா, வெளியேயா? கரடி வருமாமே? தம்பி இஃபாத் படம் காட்டிக் காட்டிப் பயமுறுத்துகிறான். அடுக்குக் கட்டில் என்கிறீர்களே, ரயிலில் போல மேலே ஒருவர் கீழே ஒருவரா? அதற்கா நான் பாதி உலகம் சுற்றி வர வேண்டும்?

உம்மாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். "கல்லு வூடு இருக்கயில பலகை வூட்டுல போயி படுக்கணும்னு அவருக்கு என்ன புள்ள தலையெழுத்து?" என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
ஆஃப்ரின்


டுலூத்
6 மே 2024

அன்பு ஆஃப்ரினுக்கு,

குளியலறை வெளியே, நூறு அடி நடக்க வேண்டும். கரடி வராது, ஆனால் சாப்பாட்டைக் காருக்குள் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். வெளியூர் விறகு எடுத்துப் போகக் கூடாது, அதில் மரம் அரிக்கும் பூச்சி வருமாம். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கொசு, நெடுங்காட்டு வயலில் நடவு நேரத்தில் கடிப்பதுபோல் கடிக்கும். கட்டில் விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம்.

மாமி கேட்டதற்குப் பதிலை உனக்கு மட்டும் சொல்கிறேன். நம் வழக்கப்படி மாமி தன் வீட்டை உனக்குக் கொடுத்தார், நான் அங்கே மாப்பிள்ளையாக வந்தேன். என் உம்மா வீடு தங்கை ஆஸியா பீவிக்குப் போயிற்று. உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக விருந்துதான். இங்கே வருவதற்கு முன்னால், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை முடிந்து, உடம்பெல்லாம் கரித்தூளாக வருவேன். தண்ணீர் மொண்டு குடிக்க அடுப்படிக்குப் போனால், "நீங்க ஏன் வந்தீங்க, சொன்னா கொண்டாந்து தர மாட்டமா?" என்று மாமி பதறுவார். லீவில் வந்தால் என் சட்டையை எங்கே வைப்பது என்று இப்போதும் கேட்டுத்தான் வைக்கிறேன். இங்கேயோ இன்னொருவனோடு பங்கு போட்ட அறை. நான் முன்னால் போய், கூட்டிப் பெருக்கி, கதவைத் திறந்து "வா ஆஃப்ரின்" என்று கூப்பிட எனக்கு உலகத்தில் ஓர் இடம் இல்லை. மூன்று இரவாவது அது வேண்டும்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. வாசித்ததும் அழித்துவிடு.

நஜ்முதீன்


காரைக்கால்
2 ஜூன் 2024

அன்பு மச்சானுக்கு,

ஒரு தப்பு செய்துவிட்டேன், திட்டாதீர்கள். அழிக்கச் சொன்னதை உம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன்.

உம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஆறு வருஷமா மனசுல வச்சிக்கிட்டு இருந்திருக்காரே புள்ள, நமக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதார். மறுநாளே நெடுங்காட்டிலிருந்து கருப்பையன் கொத்தனாரை வரவழைத்துவிட்டார். மாடியில் உங்களுக்கென்று தனி அறை எழும்புகிறது! வெளியே தனிப் படிக்கட்டு, தேக்கில் அலமாரி, கதவில் உங்கள் பெயர். சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இஃபாத் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், நான் பெயின்ட் பார்க்கிறேன். வீடே உங்கள் பேச்சாக இருக்கிறது.

ஆகஸ்ட் நடுவில் முடியுமாம். நீங்கள் வந்து ஃபாத்திஹா ஓதிக் குடியேற வேண்டும். அதனால் என் டிக்கெட்டைத் தள்ளிவைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது? நீங்கள் வாருங்களேன்.

ஆஃப்ரின்


டுலூத்
5 ஜூன் 2024

ஆஃப்ரின்,

மாமிக்கு என் ஸலாம். அவர் மனசு தங்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பசிக்கிறது என்றவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நான் அறை கேட்கவில்லை. உன்னைக் கேட்டேன். வருவாயா, மாட்டாயா? மாட்டேன் என்றாலும் எழுது. போனில் சொல்லாதே, என்னால் எல்லார் முன்னாலும் கேட்க முடியாது.

நஜ்முதீன்


காரைக்கால்
28 ஜூலை 2024

அன்பு மச்சானுக்கு,

இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நாலு தடவை பெட்டி கட்டினேன். கடைசித் தடவை கொசு மருந்துகூட வாங்கி வைத்தேன். போன வாரம் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

உம்மா தடுக்கவில்லை. "போயிட்டு வா புள்ள, நான் இருந்துக்குவேன்" என்றுதான் சொன்னார். பயம் எனக்குத்தான். அறை கட்டுகிறோம் என்றதும் எனக்குள் "அப்பாடா" என்று இருந்தது, மச்சான். பிறந்த வீட்டிலேயே நான் பெண்டாட்டியும் ஆனேன். உம்மாவும் அப்படித்தான். இன்னொரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் ஆறு வருஷம் செய்தீர்கள். எனக்கு ஒரு நாள் செய்யத் தைரியம் இல்லை. உங்கள் கஷ்டம் இப்போதுதான் விளங்குகிறது. விளங்கியும் வர முடியவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆஃப்ரின்


ஏரிக்கரை
11 ஆகஸ்ட் 2024

அன்பு ஆஃப்ரினுக்கு, ஸலாம்.

இங்கே சிக்னல் இல்லை. தாளில் எழுதுகிறேன், டுலூத் போய் அனுப்புவேன்.

கேபினை விட மனசில்லாமல் தனியாகவே வந்தேன். பெருக்கினேன். இரண்டு கட்டிலுக்கும் விரிப்புப் போட்டு முடித்த பிறகுதான் எதற்கு இரண்டு என்று தோன்றியது. தனியாக இருந்து பழகியவன்தான். ஆனாலும் இரண்டு பேருக்கு வாங்கிய சாமானில் பாதியைப் பிரிக்காமல் காரிலேயே வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாய், அந்த மட்டும் சந்தோஷம். மாடி அறையில் இஃபாத் இருக்கட்டும், கதவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இந்த டிசம்பர் லீவுக்கு நான் ஊருக்கு வரவில்லை. உன்னை விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். வர வேண்டும் என்று தோன்றினால் இனி நீயாகச் சொல்ல வேண்டும்.

காலையில் பக்கத்துக் கேபின் பெண்மணி தீப்பெட்டி கேட்டு வந்தார். உள்ளே வரச் சொல்லி உட்காரவைத்து, வெளி அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். மேல் கட்டிலில் ஆள் படுத்திருப்பதுபோல் போர்வை சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சட்டென்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். டீ தீரும்வரை இரண்டு பேரும் உன்னை எழுப்பிவிடாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

நஜ்முதீன்