வெனிலா பேரம்

அன்புள்ள அப்பாவுக்கு, பிரிஸ்பேனிலிருந்து மகள் லூபே. கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று வகுப்பில் பன்னாட்டு வணிகப் பேரம் பேசிப் பழகினோம். நான் வெனிலா வாங்கும் கம்பெனி. தோழி கிளேர் நம்ம தோங்கா தீவு விவசாயி. விலையைக் குறைத்தால் எனக்கு மதிப்பெண். அவள் பேசப் பேச, காலைப் பனியில் நீங்கள் நம் வெனிலாக் கொடிகளுக்கிடையே ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்து நடப்பதே கண்ணில் மிதந்தது. அவள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டேன்.

"கம்பெனியை இழுத்து மூடப் போறியாம்மா?" என்று ஆசிரியர் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மனசு, திங்கக்கிழமை ஒரு மனசுன்னு எனக்கு வராது சார்."

மதிப்பெண் குறைந்தது, பாஸ்தான், கவலை வேண்டாம்.

ஞாயிறு ஆராதனையில் பாடும்போது நான் கூப்பிடுவேன்; பெஞ்சில் என் இடத்தில் போனை வையுங்கள், இங்கிருந்தே சேர்ந்து பாடுகிறேன். வேறு யாரையும் அங்கே உட்காரவிடாதீர்கள். பஸ் வந்துவிட்டது, அப்பா.

லூபே