ரிப்போர்ட்டில் தெரியாதது

பிப்ரவரி 5, புதன்
ரூபஸின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏ தென்படவில்லை. மாத்திரை வேலை செய்கிறது. சாயங்காலம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். மாத்திரையை நீட்டினால், “இனிமே இது இன்னாத்துக்கு?” என்கிறார் என் புருஷன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
வானகரம் சபையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோய், மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். கர்த்தர் சுகமாக்கிவிட்டாராம், மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எல்லாரும் அல்லேலூயா. ஜெபக்குழு நடத்தும் ஹில்டா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி 10
வேலப்பன்சாவடி கல்லூரியில் ஊரார் பிள்ளைகளுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வீட்டில் ஒருத்தருக்கு நடத்த முடியவில்லை. பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஆர்என்ஏ எழுதிக் கொடுப்பதே நம் செல்லின் நொதிதான் — நம் அடுப்பிலேயே சமைத்துச் சாப்பிடுகிற தண்டச்சோறு. அந்த ஆர்என்ஏவிலிருந்து புது டிஎன்ஏ உண்டாகிற இடத்தில் மட்டும் மாத்திரை குறுக்கே நிற்கிறது. அதனால்தான் ரிப்போர்ட் சுத்தம். உள்ளே எழுதுவது நிற்கவில்லை. மாத்திரையை விட்டால்?

“அப்போ கர்த்தர் பொய்யா? உனுக்கு விசுவாசமே இல்லடி.”

“கர்த்தரை ஏன் இழுக்கற? பொய் சொன்னது நீ!”

நீ என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 3
மாத்திரையை அரைத்துச் சாம்பாரில் கலந்துவிடலாமா? இப்படிக் கேவலமாக யோசிக்க வைத்துவிட்டான்.

ஏப்ரல் 11
பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறேன்.

மே 17, சனி
அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தானாம். வீட்டுக்குள் வந்தவனின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். படிச்சுப் படிச்சு சொன்னேனே, பாவி! திட்டிக்கொண்டேதான் ஆட்டோ பிடித்தேன். இவன் செத்துப்போனால் நான் சொன்னது சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

மே 20
மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார் டாக்டர்.

ஜூலை 6, ஞாயிறு
ரூபஸ் தேறிய பிறகு இன்றுதான் சபைக்குப் போனோம். வெளியே வரும்போது ஹில்டா அக்கா எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னார்: “ஊட்டுல ஒருத்தருக்கு அவிசுவாசம் இருந்தா, வந்த சுகமும் பூடும்மா.”

ரூபஸைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்லையா? குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கோழை.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், “ரெனிதா, மாத்திர குடு” என்றார்.

“எங்க இருக்குன்னு தெரியும்ல? நீயே எடுத்துக்கோ.”

எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.